ஆட்டம் முடிந்த பின்னர்

விளையாட்டைப்பற்றிச் சிந்திப்போர் பெரும்பாலும் அதன் தொடக்கத்தையும் நடுவையுமே கருத்திற் கொள்வர். யார் வென்றார், எவ்வாறு வென்றார், விதிகள் பேணப்பட்டனவா என்பனவே வினாக்களாக எழும். ஆட்டம் முடிந்த பின்னர் எஞ்சும் சேற்றையும் வியர்வையையும் சிதறிக் கிடக்கும் பொருள்களையும் எவர் துப்புரவாக்குகின்றார் என்ற வினா எழுவதில்லை. அது அறவியலுக்குரிய வினாவாகக் கொள்ளப்படாமல், வீட்டு வேலையைச் சேர்ந்த சிறு விடயமென ஒதுக்கப்பட்டுவிடுகின்றது. ஆயினும், ஒரு செயலின் எச்சம் எவர் தலையிற் சென்று விழுகின்றது என்று பார்ப்பது, அச்செயலின் நேர்மையை அளப்பதற்கு நல்லதோர் அளவுகோலாகும். அந்த அளவுகோலைக் கையிலெடுத்து ஒரு குறிப்பிட்ட விளையாட்டை இக்கட்டுரை நோக்க முயல்கின்றது.

அவ்விளையாட்டு 'எயார்சொப்ற்' எனப்படுவது. உண்மைத் துவக்குகளைப் போலவே தோற்றமளிக்கும் விளையாட்டுத் துவக்குகளைக் கொண்டு, ஆறு மில்லிமீற்றர் விட்டமுள்ள பிளாஸ்ரிக் சன்னங்களை ஒருவர்மேல் ஒருவர் எய்து, இரு அணிகளாகப் பிரிந்து காடுகளிலும் பாழ்நிலங்களிலும் ஆடுவது அது. சன்னமொன்றின் நிறை பெரும்பாலும் 0.2 கிராம். இவ்விளையாட்டு 1970களில் யப்பானிலே தோன்றியது. 1947 இல் நடைமுறைக்கு வந்த யப்பானிய அரசியலமைப்பின் ஒன்பதாம் உறுப்புரை போரைத் துறந்தது. 1958 ஆம் ஆண்டுச் சட்டம் குடிமக்கள் துவக்கும் வாளும் வைத்திருப்பதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. உண்மைத் துவக்கைத் தொடமுடியாத ஒரு சமுதாயத்திலே அதன் நிழல் விளையாட்டுப் பொருளாகியமை வியப்பன்று. 1991 இல் தோக்கியோ மருயி என்னும் கம்பனி மின்னால் இயங்கும் துவக்கைச் சந்தைக்குக் கொணர்ந்தபின் ஆட்டம் மேலும் பரவிற்று. 2006 இல் திருத்தப்பட்ட சட்டம், இத்தகைய சன்னத்தின் சக்தி ஒரு யூலுக்குச் சற்றுக் குறைவாகவே இருத்தல் வேண்டுமென வரையறுத்தது. இன்று உலகின் பல நாடுகளில் இது ஆடப்படுகின்றதாயினும், அதன் பிறப்பிடமாகிய யப்பானை முன்வைத்தே இங்கு ஆராய்வோம்.

இவ்விடத்தில் வாசகர் சிலர் முகஞ்சுளிக்கலாம். 1983 முதல் 2009 வரை உண்மைப் போரைக் கண்ட ஒரு நாட்டிலிருந்துகொண்டு, போரை விளையாட்டாக ஆடுவோரின் உடுப்பையும் உபகரணத்தையும்பற்றிப் பேசுவது வீண்வேலை எனத் தோன்றலாம். அவ்வுணர்ச்சி நியாயமானதே. போர் விளையாட்டு ஆடலாமா, கூடாதா என்ற விவாதமும் முக்கியமானதே. அது தனியே ஆராயப்பட வேண்டியது. ஆடுவோர் இருக்கின்றனர் என்பதை ஏற்றுக்கொண்டு, ஆடிய பின்னர் அவர்தம் கடன் யாது என்று கேட்பதே ஈண்டு நமது நோக்கமாகும். அவ்வினாவுக்குக் கிடைக்கும் விடை இவ்விளையாட்டோடு மாத்திரம் நின்றுவிடாது என்பதைப் பின்னர்க் காண்போம்.

எயார்சொப்ற் ஆட்டத்தின் அடித்தளமாக அமைந்த வழக்கமொன்றை முதலில் மனங்கொள்ளல் வேண்டும். வண்ண உருண்டைகளை எய்து ஆடும் வேறொரு விளையாட்டில், பட்டவனுடைய உடலிலே வண்ணம் சிதறி அவனைக் காட்டிக்கொடுத்துவிடும். இங்கோ சன்னம் பட்டதற்கு அடையாளம் எதுவும் உடுப்பிலே எஞ்சுவதில்லை. எய்தவன் தூரத்தே மறைந்து நிற்கின்றான். நடுவர் வேறெங்கோ நிற்கின்றார். பட்டவன் தானே கையை உயர்த்தி, பட்டுவிட்டதென்று உரக்கக் கூறி, ஆடுகளத்தைவிட்டு வெளியேறுதல் வேண்டும். பட்டதை மறைத்துத் தொடர்ந்து ஆடுபவனை யப்பானிய ஆட்டக்காரர் 'சொம்பி' என்று இகழ்வர். இறந்தும் அடங்காது திரியும் பிணம் என்பது அதன் பொருள். எனவே, இவ்வாட்டம் முழுவதும் சாட்சியற்ற நேர்மையின்மீதே கட்டப்பட்டுள்ளது எனலாம். பிறர் காணாதவிடத்தும் தனக்கு எதிராகத் தானே சாட்சி கூறும் மனிதனை அது வேண்டிநிற்கின்றது. விளையாட்டு மனிதனிடம் இதைக் காட்டிலும் பெரிதாக ஒன்றைக் கேட்டல் அரிது.

இத்தகைய நேர்மையை ஆடுகளத்திலே மதிப்பவர், ஆட்டம் முடிந்ததும் அதனை அங்கேயே விட்டுவிட்டு வரலாமா? விளையாட்டைப்பற்றி 1938 இல் நூலொன்று எழுதிய ஒல்லாந்து நாட்டு வரலாற்றாசிரியர் யொகான் ஹூய்சிங்கா, விளையாட்டானது தனக்கென வரையறுத்த காலத்துக்கும் இடத்துக்கும் உள்ளேயே நிகழ்ந்து முடிவது என்பதை அதன் இலக்கணங்களுள் ஒன்றாகக் கூறினார். அவ்வெல்லைக்குள் வேறு விதிகள். எல்லைக்கு வெளியே அன்றாட வாழ்வு. இக்கருத்து ஆட்டத்தின் இயல்பை நன்கு விளக்குகின்றது என்பதில் ஐயமில்லை. ஆயினும் சேறு அவ்வெல்லையை அறியாது. ஊதலின் ஒலி கேட்டதும் ஆட்டம் முடிந்துவிடுகின்றது. காற்சட்டையின் மடிப்பிலே ஒட்டிய மண்ணும், சப்பாத்தினுள்ளே ஊறிய நீரும், குழலுக்குள்ளே தங்கிய சன்னமும் எல்லையைக் கடந்து வீட்டுக்கு வந்துவிடுகின்றன. விளையாட்டு உலகமும் உழைப்பு உலகமும் சந்திக்கும் இடம் இதுவே. துப்புரவு என்னும் செயல் நிகழ்வதும் அங்கேதான்.

அச்செயலைச் சற்று நுணுகி நோக்குவோம். பொதுப்படையாகப் பேசும்போது துப்புரவு எளிதெனத் தோன்றும். அதன் நுட்பங்களை அறியும்போதே அதிலே அடங்கியுள்ள பொறுப்பு விளங்கும். முதலில் துவக்கை எடுத்துக்கொள்வோம். சன்னக்கூட்டைக் கழற்றிய பின்னரும் குழலுக்குள்ளே ஒரு சன்னம் தங்கியிருத்தல் கூடும். ஆதலால், ஆடுகளத்தை விட்டு நீங்குமுன்னரே, எவரும் இல்லாத திசையை நோக்கி இயக்கி அதனை வெளியேற்றல் வேண்டும். பின்னர்ப் பற்றரியைக் கழற்றிக் குழல்வாயை உறையிட்டு மூடல் வேண்டும். வீட்டுக்கு வந்தபின், கோலின் நுனியிலே நார் உதிராத துணியைச் சுற்றிக் குழலினுள்ளே செலுத்தித் தூசியையும் பிசுக்கையும் துடைப்பர். சன்னத்துக்குச் சுழற்சியூட்டும் சிறு றப்பர்த் துண்டொன்று குழலின் அடியிலே உண்டு. அதிலே எண்ணெய் மிகுந்தாற் சன்னம் வழுக்கிக் குறி தவறும். பெற்றோலிய எண்ணெய் பட்டால் றப்பர் பழுதுறும். ஆதலாற் சிலிக்கோன் எண்ணெயையே, அதுவும் அளவாகவே, பயன்படுத்துவர்.

பற்றரியின் கதை வேறு. இலிதியம் பொலிமர் பற்றரியை முழுதும் மின்னேற்றியோ முழுதும் வெறுமையாக்கியோ நெடுநாள் வைத்தலாகாது. கலமொன்றுக்கு ஏறத்தாழ 3.8 வோல்ற்று அளவில் வைத்துப் பேணுதல் நன்று. ஊதிப் பெருத்த பற்றரி தீப்பற்றக்கூடியது. அதனைக் குப்பையோடு குப்பையாக எறிந்துவிட்டால், எறிந்தவர் வீட்டில் ஒன்றும் நிகழாது. குப்பை வண்டியிலே அது நசுங்கும்போதுதான் தீ மூளும். அத்தீயைச் சந்திப்பவர் வண்டியில் வேலைசெய்யும் தொழிலாளர். இலிதியம் பற்றரிகளாற் குப்பை வண்டிகளும் கழிவு நிலையங்களும் தீப்பற்றுவது இன்று யப்பானில் அறியப்பட்ட தொல்லையாகும். ஒருவர் தம் வீட்டிலே செய்யாது விட்ட ஒரு நிமிட வேலை, முகமறியாத இன்னொருவருக்கு உயிராபத்தாக மாறுகின்றது. எச்சம் எவர் தலையில் விழுகின்றது என்ற வினாவின் கூர்மை இங்கே புலனாகின்றதன்றோ?

கண்காப்புக் கண்ணாடி இதனினும் முக்கியமானது. ஒரு யூலுக்குக் குறைந்த சக்தியுடைய சன்னமும் வெறுங்கண்ணிற் பட்டாற் பார்வையைப் பறிக்கவல்லது. எனவே ஆடுகளத்திற் கண்காப்பின்றி நிற்க எவருக்கும் அனுமதியில்லை. பொலிக்காபனேற்றினாலான அக்கண்ணாடியில் உலர்ந்த மண் படிந்திருக்கும்போது துணியால் அழுத்தித் தேய்த்தால், மண்துகள்களே அதனைக் கீறிவிடும். இளஞ்சூட்டு நீரிலே மண் கரைந்தோடச் செய்து, மென்மையான சவர்க்கார நீராற் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றி எடுத்தல் வேண்டும். சில கரைப்பான்கள் பட்டால் அதில் நுண்ணிய வெடிப்புகள் தோன்றும். கழுவும் வேளையிலேதான் வெடிப்புகள் கண்ணுக்குத் தெரியும். கழுவாதவர் அவற்றைக் காண்பதில்லை. புதிதாக ஆடவரும் நண்பருக்குத் தம்மிடமுள்ள பழைய கண்காப்பைக் கொடுத்துதவுவது ஆட்டக்காரர் வழக்கம். கொடுப்பவர் அதனைக் கழுவிப் பார்த்தவரா, பார்க்காதவரா என்பது வாங்குபவருக்குத் தெரியாது. அவர் தமது கண்ணைக் கொடுப்பவரின் விடாமுயற்சியிடம் ஒப்படைக்கின்றார். சன்னம் பட்டால் உண்மை கூறுவதிற் காணப்படும் சாட்சியற்ற நேர்மை இதுவேயன்றி வேறில்லை. களத்திற் கையுயர்த்தியவரைக் கைதட்டிப் பாராட்ட ஆட்களுண்டு. தண்ணீர்க் குழாயடியிலே கண்ணாடியை ஒளியில் உயர்த்திப் பார்ப்பவரைப் பாராட்ட எவருமிலர்.

இனி உடுப்புக்கு வருவோம். தோக்கியோவுக்கு அயலிலுள்ள சிபா மாகாணத்திலே இத்தகைய ஆடுகளங்கள் பலவுள. கன்ரோச் சமவெளியின் மண், எரிமலைச் சாம்பலிலிருந்து உண்டான செங்கபில நிறமுள்ள களித்தன்மை மிக்க மண். ஆனி, ஆடி மாதங்களில் அங்கு மழைக்காலம். அச்சேறு ஈரமாயிருக்கும்போது தேய்த்தால் நூலிழைகளுக்குள்ளே மேலும் புகுந்துவிடும். உலரவிட்டு, தூரிகையால் உதிர்த்து, அதன் பின்னரே நீரில் இடல் வேண்டும். பைகளைத் துழாவிச் சன்னங்களை எடுத்துவிடல் வேண்டும். ஒட்டுப் பட்டிகளை மூடி, உடுப்பை உட்புறம் வெளியாகத் திருப்பித் தோய்த்து, நிழலிலே உலர்த்தல் வேண்டும். ஈரத்தோடு பையிற் கட்டி வைத்தாற் பூஞ்சணம் பிடித்துவிடும். இதிலே நகைப்புக்குரிய முரண்பாடொன்றும் உண்டு. சந்தையில் விற்கப்படும் சவர்க்காரத் தூள்கள் பலவற்றில் வெள்ளையை மேலும் வெள்ளையாகக் காட்டும் ஒளிர்வூட்டிகள் கலக்கப்பட்டுள்ளன. கண்ணுக்குப் புலனாகாது மறைந்திருப்பதற்கென்றே நெய்யப்பட்ட உடுப்பை அத்தூளிலே தோய்த்தால், அது புறவூதா ஒளியிலே மினுங்கத் தொடங்கிவிடும். ஒளிந்திருப்பவனை அவனுடைய சவர்க்காரமே காட்டிக்கொடுக்கும்.

ஆயின் உடுப்போடு வீட்டுக்கு வருவது மண் மாத்திரமன்று. புல்லிலும் புதரிலும் கிடந்து ஆடியவரின் உடுப்பிலே உண்ணிகள் ஒட்டிக்கொண்டு வருவதுண்டு. உண்ணி கடிப்பதாற் பரவும் கடுங்காய்ச்சலொன்று, குருதிச் சிறுதட்டுகளைக் குறைத்து உயிரையும் பறிக்கவல்லது, யப்பானிலே 2013 இல் முதன்முதலாக அறிவிக்கப்பட்டது. எனவே உடுப்பை வீட்டுக்கு வெளியிலேயே உதறிச் சோதித்தல் வேண்டுமென அறிந்தோர் கூறுவர். ஆட்டக்காரர் உடுப்பைக் கழற்றிக் கூடையிலே போட்டுவிட்டுக் குளிக்கச் செல்கின்றார் என்று வைத்துக்கொள்வோம். கூடையிலிருந்து அதனை எடுத்து உதறுபவர் யார்? அவர் காட்டுக்குப் போனவரல்லர்; ஆட்டத்தின் இன்பத்தை அனுபவித்தவருமல்லர். உண்ணி இருக்கக்கூடும் என்பதைக்கூட அவருக்கு எவரும் சொல்லவில்லை. ஆட்டத்தின் இன்பம் ஒருவருக்கு, அதன் ஆபத்து இன்னொருவருக்கு என்று பங்கிடப்பட்டுவிட்டது. இப்பங்கீட்டை எந்த நடுவரும் கண்டிப்பதில்லை.

இது கற்பனையன்று. யப்பானிய அரசாங்கம் ஐந்தாண்டுக்கொருமுறை மக்கள் தம் நேரத்தை எவ்வாறு செலவிடுகின்றனர் என்பதைக் கணிப்பிடுகின்றது. 2021 ஆம் ஆண்டுக் கணிப்பின்படி, ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள குடும்பங்களில், வீட்டு வேலைக்கும் பிள்ளை வளர்ப்புக்கும் மனைவியர் செலவிடும் நேரம் கணவர் செலவிடும் நேரத்தின் மும்மடங்குக்கும் மேலாகும். அந்நாட்டுப் பாடசாலைகளிலோ வேறு காட்சி. வகுப்பறையையும் நடைபாதையையும் மாணவர் தாமே பெருக்கித் துடைக்கின்றனர். 'சோக்கின்' எனப்படும் துணியை நீரிற் பிழிந்து, முழந்தாளிட்டுத் தரையைத் துடைக்கும் பிள்ளைகளுள் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. பணக்காரர் பிள்ளையும் உண்டு, ஏழை பிள்ளையும் உண்டு. அதனைத் தண்டனையாக எவரும் கருதுவதில்லை. கல்வியின் ஒரு பகுதியாகவே அது கொள்ளப்படுகின்றது. ஆசிரியத் தொழில் புரிவோர் இதனை ஊன்றிக் கவனித்தல் தகும்.

அவ்வாறாயின், பாடசாலையிலே தரை துடைத்துப் பழகிய சிறுவன் வளர்ந்து குடும்பத்தலைவனானதும் அப்பழக்கம் எங்கே போய்விடுகின்றது? நற்பழக்கத்தை இளமையிலே ஊட்டிவிட்டால் அது தானே நிலைத்துவிடும் என்று நம்புவோர் இதற்கு விடை கூறல் வேண்டும். பாடசாலையிலே துப்புரவு அனைவருக்கும் பொதுவானது. அங்கே ஒருவர் விலகினால் மற்றவர் கேள்வி கேட்பர். வீட்டுக்குள்ளே வேலை ஆண், பெண் என்று முன்னரே பிரிக்கப்பட்டுவிட்டது. நெடிய வேலைநேரமும் குறைந்த பெண்கூலியும் அப்பிரிவினையை நாள்தோறும் உறுதிப்படுத்துகின்றன. ஒழுக்கத்தைத் தனிமனிதனின் உள்ளத்தில் மாத்திரம் தேடுவோர் ஏமாற்றமடைவது இதனாலேதான். சமத்துவமான அமைப்பினுள் வளரும் பழக்கம், சமத்துவமற்ற அமைப்பினுள் நுழைந்ததும் வாடிவிடுகின்றது.

சப்பாத்தைப்பற்றிக் கூறாது இவ்விடயத்தை முடித்தலாகாது. நனைந்த தோற் சப்பாத்தின் கயிற்றையும் உள்ளடியையும் கழற்றி, சேற்றைத் துடைத்து, உள்ளே செய்தித்தாளைத் திணித்து, தாள் ஈரமாகுந்தோறும் மாற்றிக் காற்றோட்டமான இடத்தில் வைத்தல் வேண்டும். நெருப்பருகே வைத்தால் விரைவில் உலரும். ஆனால் தோல் இறுகி வெடித்துவிடும். உலர்ந்தபின் தோலுக்குரிய களிம்பைப் பூசல் வேண்டும். இவ்வேலையிலே இழிவு எதுவும் இருப்பதாக இன்றைய யப்பானிய இளைஞன் கருதான். ஆயினும் அந்நாட்டு வரலாற்றிலே தோலைத் தொடும் தொழில் தீண்டத்தகாத தொழிலாகவே கொள்ளப்பட்டது. விலங்குகளின் உடலை அகற்றுவதும் தோல் பதனிடுவதும் செய்த மக்கள் தனிக் குடியிருப்புகளில் ஒதுக்கப்பட்டனர். புராக்குமின் என இன்று அழைக்கப்படும் அவர்களுடைய முன்னோரின் இழிநிலையை 1871 ஆம் ஆண்டு அரசாணை சட்டத்தளவிலே நீக்கியது. சட்டம் நீக்கியதைச் சமுதாயம் நீக்கவில்லை. 1922 இல் அவர்கள் 'சுயிஹெய்ஷா' என்னும் இயக்கத்தைத் தாமே தொடங்கிப் போராட வேண்டியிருந்தது. திருமணத்திலும் வேலைவாய்ப்பிலும் அவ்வேறுபாட்டின் சுவடுகள் அதன்பின்னரும் நெடுங்காலம் நீடித்தன.

இவ்வரலாறு நமக்கு அந்நியமானதன்று. அழுக்கு வேறு, துடக்கு வேறு. அழுக்கு பொருளிலே உள்ளது. நீராலும் சவர்க்காரத்தாலும் உழைப்பாலும் நீங்குவது. துடக்கோ மனிதர்மேல் மனிதர் ஏற்றி வைத்தது. எத்தனை முறை கழுவினும் நீங்காதது என்று சொல்லப்படுவது. அழுக்கை அகற்றுபவர்மேல் துடக்கை ஏற்றிவிட்டால் இரு நன்மைகள் மேலோருக்குக் கிட்டுகின்றன. ஒன்று, வேலையிலிருந்து விடுதலை. மற்றொன்று, அவ்வேலையைச் செய்தவருக்கு நன்றி கூறவேண்டிய கடனிலிருந்து விடுதலை. நம் ஊர்களிலும் உடுப்பு வெளுப்பவரையும் மலம் அள்ளுபவரையும் பிறப்பாற் குறித்து, அவர் வெளுத்த உடுப்பை உடுத்துக்கொண்டே அவரை வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்தமையை எவர் மறுக்கவியலும்? தூய்மையை விரும்பிய சமுதாயம் தூய்மையாக்கியவரை வெறுத்தது. இம்முரண்பாட்டின் வேர் சமயத்திலே மாத்திரம் இல்லை. உழைப்பைச் சிலர்மேற் சுமத்தி அதன் பயனைச் சிலர் நுகரும் அமைப்பிலேயே அது உள்ளது.

படைகளும் இவ்வமைப்பைப் பேணியே வந்துள்ளன. பிரித்தானியப் படையில் அதிகாரிகளுக்குப் பணிபுரிய 'பற்மன்' எனப்படும் சிப்பாய்ப் பணியாள் இருந்தார். இரு உலகப் போர்களிலும் அதிகாரியின் சப்பாத்தைத் துடைத்ததும் இடுப்பு வாரை மினுக்கியதும் அவரே. சாதாரணச் சிப்பாயோ தனது துவக்கைத் தானே துப்புரவாக்கினான். மறுநாட் காலையிலே பார்வையிட வரும் மேலாளின் கண்ணுக்கு அஞ்சியே அதனைச் செய்தான். ஆகவே, ஒருவன் கட்டளைக்கு அஞ்சித் துடைத்தான். இன்னொருவன் தனக்காகப் பிறனைத் துடைக்கவைத்தான். விளையாட்டுத் துவக்கேந்தியவர் இவ்விருவரையும் உடையிலே பாவனைசெய்கின்றார். துப்புரவிலே அவர் எவரைப் பாவனைசெய்யப் போகின்றார்? மூன்றாவது வழியொன்று அவருக்குத் திறந்துள்ளது. மேலாளும் இல்லை, பணியாளும் இல்லை. தன் செயலின் எச்சத்தைத் தானே ஏற்றுக்கொள்ளும் மனிதனாக அவர் இருக்கலாம். போரைப் பாவனைசெய்யும் ஆட்டத்திலே, போர்ப்படையின் ஏற்றத்தாழ்வை முறியடிக்கக்கூடிய இடம் ஒன்று உண்டெனின் அது தண்ணீர்க் குழாயடியே.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். நவீன சமுதாயம் வேலைப் பிரிவினையால் இயங்குவது. உடுப்பைச் சலவை நிலையத்திலே கொடுத்துக் கூலி கொடுத்தால் அதில் என்ன தவறு? எல்லோரும் எல்லா வேலைகளையும் தாமே செய்தல் வேண்டுமென்பது பழைய கிராமியக் கனவன்றோ? இம்மறுப்பிலே உண்மை உண்டு. கூலிக்குத் துப்புரவு செய்வதில் இழிவில்லை; உரிய கூலியும் பாதுகாப்பும் உள்ளவிடத்து அது மற்றெத்தொழிலையும் போன்ற தொழிலே. எனினும் கையளிக்கத்தக்கன எவை, தகாதன எவை என்று பிரித்தறிதல் வேண்டும். வேலையைக் கையளிக்கலாம், ஆபத்தை அறிவிக்காமற் கையளித்தல் கூடாது. உண்ணி ஒட்டியிருக்கலாம் என்பதையும் பற்றரி பழுதுற்றது என்பதையும் சொல்லாமற் கொடுப்பது வஞ்சனையாகும். வேலையோடு சேர்த்து இகழ்ச்சியையும் கையளித்தல் கூடாது. பிறர் கண்ணைக் காக்கும் கண்ணாடியிலே வெடிப்புண்டா என்று பார்ப்பது போன்ற, தானே அறிந்திருக்க வேண்டிய பொறுப்பை எக்கூலிக்கும் கையளித்தல் இயலாது. இம்மூன்றையும் மனத்திற் கொண்டால், கூலி கொடுத்துச் செய்விப்பதும் நேர்மையாகலாம்; இவற்றை மறந்தால், தானே செய்வதும் வெறும் பகட்டாகலாம்.

வீட்டுக்கு வந்தவற்றைப்பற்றி இதுவரை கூறினோம். வராது களத்திலேயே கிடப்பனவும் உள. ஒருவர் ஒரு நாளில் எய்யும் சன்னங்கள் ஆயிரக்கணக்கிலாகலாம். எய்த சன்னத்தைப் பொறுக்கியெடுத்தல் நடைமுறையிற் சாலாது. பழைய பிளாஸ்ரிக் சன்னங்கள் மண்ணிலே நெடுங்காலம் கிடப்பவை. ஆதலால் யப்பானின் திறந்தவெளி ஆடுகளங்கள் பல, மண்ணிலே மக்கக்கூடிய சன்னங்களையே அனுமதிக்கின்றன. இது வரவேற்கத்தக்கதே. ஆயினும் அவற்றுட் பலவற்றுக்கு மூலப்பொருளான பொலிலற்றிக்கமிலம், அறுபது பாகை செல்சியசை அண்மிய வெப்பமுள்ள பசளைக்கூடங்களிலே விரைவாக மக்கும். குளிர்ந்த காட்டு மண்ணிலே அது மக்குவதற்குப் பல காலம் செல்லும். பொதியின்மேல் அச்சிட்ட ஒரு சொல்லை வாங்கிக்கொண்டால் மனச்சாட்சியும் தானே கழுவப்பட்டுவிடும் என்று எண்ணுவது தவறு. தோய்க்குந்தோறும் நைலோன் உடுப்பிலிருந்து நீரோடு செல்லும் நுண்ணிழைகளுக்கும் இது பொருந்தும். நம் கண்ணைவிட்டு நீங்கிய அழுக்கு உலகைவிட்டு நீங்கிவிடுவதில்லை. அது இடம்பெயர்ந்துள்ளது, அவ்வளவே.

இனி, முன்னர் ஒத்திவைத்த விடயத்துக்கு வருவோம். விளையாட்டுக்கும் உண்மைப் போருக்கும் உள்ள வேறுபாடு எங்கே புலனாகின்றது? துவக்கின் தோற்றத்திலே இல்லை. உடுப்பின் நிறத்திலும் இல்லை. பின்னர் எஞ்சுவதைத் துப்புரவாக்கும் வேலையிலேதான் அது தெளிவாகப் புலனாகின்றது. விளையாட்டுக்காரர் ஒரு மாலைப்பொழுதிலே தம் ஆட்டத்தின் எச்சத்தைப் பெரும்பாலும் கழுவி முடித்துவிடலாம். 1945 இல் ஒக்கினாவாவிலே நிகழ்ந்த போரின் வெடிக்காத குண்டுகள் இன்றும் அத்தீவின் மண்ணிலிருந்து கண்டெடுக்கப்படுகின்றன. எண்பது ஆண்டுகள் கடந்தும் துப்புரவு முடியவில்லை. நமது நாட்டிலே 2009 இற் போர் முடிந்தது. முகமாலையில் நெடுங்காலம் போர்முனையாக இருந்த நிலத்திலே, கண்ணிவெடி அகற்றும் தொழிலாளர், முழந்தாளிட்டு, அங்குலம் அங்குலமாக மண்ணைச் சுரண்டி வந்துள்ளனர். அவர்களுட் பெண்கள் பலர். போரிலே கணவரை இழந்து குடும்பத்தைத் தாங்குவோரும் அவர்களுள் உளர். இலங்கை 2017 இலே கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. வடபுலத்தின் மண் முற்றாகத் துப்புரவாகிவிட்டதென்று அதன் பின்னரும் கூற முடியவில்லை.

அப்பெண்கள் கண்ணிவெடி புதைத்தவரல்லர். புதைக்கக் கட்டளையிட்டோர் அங்கே முழந்தாளிடவில்லை. வெடியைச் செய்து விற்ற கம்பனிகளின் பங்காளரும் அம்மண்ணைச் சுரண்ட வரவில்லை. கூடையிலே போட்ட சேற்றுடுப்பை எடுத்து உதறும் மனைவியின் நிலைக்கும், குப்பை வண்டியிலே தீயைச் சந்திக்கும் தொழிலாளியின் நிலைக்கும், முகமாலையிலே மண் சுரண்டும் பெண்ணின் நிலைக்கும் அளவிலே பாரிய வேறுபாடுண்டு. அதனை மறைத்தல் அநீதியாகும். ஆயினும் மூன்றிலும் அடிப்படை ஒன்றே. செய்தவர் ஒருவர், துப்புரவாக்குபவர் வேறொருவர், துப்புரவாக்குபவரின் பெயர் வெற்றியின் கதையிலே இடம்பெறுவதில்லை.

எனவே, ஆட்டம் முடிந்தபின் தன் கண்ணாடியைத் தானே கழுவி, தன் சப்பாத்தினுள்ளே தானே தாள் திணிக்கும் இளைஞன் உலகை மாற்றிவிடுவான் என்று நாம் கூறவில்லை. தனிமனிதத் துப்புரவாற் சமுதாய அநீதி நீங்கிவிடாது என்பதை மேலே கண்டோம். ஆயினும் அவன் ஒன்றை அறிந்துகொள்கின்றான்: செயலுக்கு விலையுண்டு, அவ்விலையை எவரோ செலுத்துகின்றார். இதனைக் கையாலும் முதுகாலும் அறிந்தவனிடம், தான் செலுத்தாத விலைகளைப்பற்றியும் கேட்கும் துணிவு பிறக்க வாய்ப்புண்டு. நம் வகுப்பறைகளிலே மாணவர்க்கு ஊட்டவேண்டியதும் அத்துணிவையே. துடைப்பத்தைக் கையிற் கொடுத்துவிட்டால் மாத்திரம் போதாது; இதுவரை அதனை எவர் பிடித்திருந்தார், ஏன் அவர் மாத்திரம் பிடித்திருந்தார் என்ற கேள்வியையும் சேர்த்தே கொடுத்தல் வேண்டும்.